மரச்சீனிக்குத் தகப்பன்

பெங்களூரிலிருந்து மகள் அனுப்பிய பொட்டலத்தில்
பஞ்சு முனை வைத்த இரண்டு குச்சிகள்.
கன்னத்தின் உள்பக்கம் முப்பது விநாடி தேய்க்க வேண்டுமாம்.
பதினெட்டாவது விநாடியில்
மரச்சீனி ஒன்றைத் தின்றுவிட்டது.
மற்றதை அனுப்பினோம்.

குலசேகரத்துக்கு மேற்கே நாற்றுப்பண்ணையில்
ரப்பருக்கு ஒட்டுக் கட்டுவது என் வேலை.
ஏதோ ஒரு விதையில் முளைத்த தண்டின் பட்டையில்
சின்ன ஜன்னல் வெட்டி
நூற்றைந்தாம் நம்பர் மொட்டைச் செருகி
நாடா சுற்றிவிட்டால் இருபத்தொரு நாள்.
இலையைத் தடவியே ரகம் சொல்லிவிடுவேன்.
நாயைத் தடவிச் சொல்லத் தெரியவில்லை.

பால்காரர் வில்பிரெட் சொன்னார்:
'ராஜபாளையமாக்கும், மூக்கைப் பாரும்.'
தபால் கொண்டுவரும் ஷோபாவுக்கு அது லாப்.
மிருக ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கம்பவுண்டர்
இனம் என்ற கட்டத்தில்
'பட்டி' என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.
கால் குட்டை, உடம்பு நீளம், காது மடங்கல்,
தோலோ கிழங்கின் மேல்தொலி நிறம்.
பேர் வந்தது அப்படித்தான்.

நாற்பது நாள் கழித்து போனில் வந்தது.
நாட்டு நாய் முப்பத்தெட்டு.
டாஷ்ஹண்ட் ஐந்து. கால் விளங்கியது.
பிரித்தறிய முடியாதது ஏழு.
ஜெர்மன் ஷெப்பர்ட்
ஐம்பது.

சரிபாதி என்றால்
பாட்டன் பூட்டன் வழிக் கசிவு இல்லை.
தகப்பனேதான்.

எங்கள் பக்கத்தில் அந்த ஜாதி ஒன்றுதான் இருந்தது,
ஞானசிகாமணி சாரின் டியூக்.
மூன்று தலைமுறைப் பேர் அச்சடித்த சான்றிதழ் அதற்கு.
கம்பிக்கூடு, கூட்டைச் சுற்றி மதில்,
மதில் மேல் குப்பிச்சில்லு.
மரச்சீனியின் தள்ளை அந்தப் பக்கம் போனால்
சார் கல்லெடுப்பார்.

என் மனைவி விரல் மடக்கி எண்ணினாள்.
குட்டிகளைக் கண்டது பெப்ரவரி தொடக்கம்,
இலையுதிர்ந்து பால்வெட்டு நிறுத்திய வாரம்,
புகைப்புரையின் அணைந்த அடுப்புக்குள்.
கண் திறந்திருக்கவில்லை.
அங்கிருந்து அறுபத்துமூன்று நாள் பின்னே போனால்
ஒக்கி.

அந்த ராத்திரி மலையோரம் முழுக்க
மரம் ஒடியும் சத்தம்.
தூத்தூர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம்கூடக் கிடைக்கவில்லை.
போன வள்ளங்கள் போனவை.
நாங்கள் விடிந்ததும் எண்ணினோம்:
நானூற்றுப் பதினாறு ரப்பர்,
இரண்டு பிலா,
சாரின் தெற்கு மதில்.
இதை எண்ணவில்லை.

போனை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.
எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியாது.
டியூக் செத்து இரண்டு வருஷம். கூட்டில் விறகு.
கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை வாசித்தார்.
சண்டைக்கு வருவார் என்று
செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

'அன்னைக்கு நான் கட்டிலுக்கு அடியில கெடந்தேன்' என்றார்.
'நாய நெனைக்கவே இல்ல, கேட்டியா.
காலைல முற்றத்துல நனஞ்சு நின்னுது.
ராமுழுக்க காவல் நின்ன நாயாக்கும்னு
எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.'
பிறகு சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

நாலு மணிக்குப் பள்ளி வேன் வரும்.
பிள்ளைகள் இறங்கியதும் மரச்சீனி
வட்டம் போட்டு ஓடி
எல்லாரையும் ரோட்டோரம் ஒதுக்கும்.
கடைசிப் பையனைக் கெண்டைக்காலில் மூக்கால் இடித்து
வரிசையில் சேர்த்த பிறகே மூச்சு வாங்கும்.
யாரும் பழக்கியதில்லை.
பிஸ்கட்டுக்கு என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு சாரும் வெளியே வந்து நின்றார்.
அவரையும் ஒரு வட்டம் சுற்றியது,
காலில் இடித்தது,
பிள்ளைகளோடு சேர்த்து நகர்த்தியது.

கல்லெடுக்கக் குனிவதுபோலவே குனிந்தார்.
மடங்கிய காதை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்து
முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
விட்டதும் மடங்கியது.
மறுபடி நிமிர்த்தினார்.